கேஷ் நம்ம காசுதானா?

ஜூன் 2

தக்கலையிலிருந்து ஒருவர் கேட்கிறார்: "ஆங்கிலத்தில் கேஷ் என்பது நம்முடைய காசிலிருந்து போனதுதானே? எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் மைத்துனர் ஒருவர் இல்லவே இல்லை என்கிறார். அவர் வாயை அடைக்க ஓர் ஆதாரம் வேண்டும்."

ஜூன் 2, இரவு

ஆதாரம் மைத்துனர் பக்கம்தான் இருக்கிறது. ரொக்கம் என்ற பொருளில் வரும் கேஷுக்கு வேர் லத்தீன் காப்சா. அதற்குப் பெட்டி என்று பொருள். அது இத்தாலியனில் காசா ஆகி, பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் பணப்பெட்டியையும் அப்படித்தான் சொன்னார்கள். போகப்போகப் பெட்டி மறைந்து, உள்ளே இருந்த பணம் மட்டும் அந்தப் பெயரில் நின்றது. நாம் விழுங்குகிற கேப்சூலும் இதே குடும்பம்தான்: சின்னப் பெட்டி.

இருபத்து மூன்று வருடம் வீட்டில் டியூஷன் எடுத்தவள் நான். கேஷும் காசும் ஒன்று என்று பிள்ளைகளிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று கணக்கில்லை. ஒலி ஒத்துப்போனால் மனம் உடனே நம்பிவிடுகிறது.

ஜூன் 3

நேற்று எழுதியது பாதிதான். ஆங்கிலத்தில் கேஷ் இரண்டு உண்டு. எழுத்துக்கூட்டல் ஒன்று, பிறந்த இடம் வேறு. ரொக்கம் என்பது பெட்டியிலிருந்து வந்தது. ஆனால் கீழை நாடுகளின் சிறு நாணயத்தை வெள்ளைக்காரர்கள் கேஷ் என்றார்களே, அது நம் காசுதான். போர்ச்சுகீசியர் வாயில் கைஷா ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்துக்குக்கூட அந்தப் பெயரையே வைத்தார்கள். நம் சொல் சீனாக்காரன் நாணயத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது!

ஆகவே தக்கலைக்காரரும் தோற்கவில்லை.

இந்த இரண்டாவது கேஷ் நம் குமரி மாவட்டத்துக்கு வெறும் அகராதிச் செய்தி இல்லை. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்ப் பக்கம். அங்கே 1949 வரை 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். அதாவது ரூபாய்க்கு 28 சக்கரம், 448 காசு. என் பாட்டி சாகும்வரை மீன் விலையைச் சக்கரத்தில்தான் நினைத்துப் பார்ப்பாள். "அரைச் சக்கரத்துக்குச் சாளை வாங்கினா ரெண்டு நேரத்துக்குக் காணும்" என்பாள்.

ஜூன் 5

ஒரு திருத்தம். 28 சக்கரம் என்பது திருவிதாங்கூர் ரூபாய்க்கு. பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28 சக்கரமும் 8 காசும். நாகர்கோவிலிலிருந்து பழைய நாணயம் சேர்ப்பவர் ஒருவர் எழுதிக் காட்டினார். பாட்டி எந்த ரூபாயை நினைத்தாள் என்று இனிக் கேட்க முடியாது.

ஜூன் 6

குளச்சல் பக்கத்து அண்ணன் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போனது எல்லாருக்கும் தெரியும். ஆனால் டிவியில் கேட்டமரன் என்று காட்டுவது இரண்டு உடம்புள்ள வெள்ளைப் படகு. அதில் கட்டு எங்கே, மரம் எங்கே?"

கோபம் நியாயமானது. 17ஆம் நூற்றாண்டில் இந்தக் கரைகளைப் பார்த்த ஆங்கிலேயர்கள் கேட்டமரன் என்று எழுதியது நம் கட்டுமரத்தைத்தான். பொருள் மாறியது பிறகு. 1876இல் அமெரிக்காவில் நத்தானியல் ஹெரெஷாஃப் என்பவர் அமரில்லிஸ் என்ற இரட்டை உடல் படகைக் கட்டிப் பந்தயத்தில் மற்றவற்றை மிஞ்சினார். அந்த வடிவம் பசிபிக் தீவுக்காரர்களின் அறிவு. பெயர் மட்டும் நம்முடையது. இடையில் 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் சண்டைக்காரப் பெண்ணையும் கேட்டமரன் என்று திட்டியிருக்கிறார்கள். முன்னால் நிற்கும் கேட் என்ற ஒலி பூனையை நினைவூட்டியதால் இருக்கும்.

அண்ணன் சொன்ன இன்னொன்று எனக்குப் பிடித்தது. கடல்காரர்கள் கட்டுமரம் என்று முழுதாகச் சொல்வதில்லையாம். "மரத்துல போனோம்", "மரம் கரை புடிச்சாச்சு", அவ்வளவுதான். சென்னைக்காரனுக்கும் இங்கிலாந்துக்காரனுக்கும்தான் கட்டு தேவைப்படுகிறது. தினமும் அதில் ஏறுகிறவனுக்கு மரம் போதும்.

ஜூன் 7

மரம் என்றதும் கயிறு. ஆங்கிலத்தில் கொயர் என்று ஒலிக்கும் சொல் மலையாளக் கயர், நம் கயிறு. கதம்பையை (தேங்காய் மட்டையை) ஊறப்போட்டு, தல்லி (அடித்து), தும்பு (நார்) எடுத்துத் திரிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: நமக்குக் கயிறு என்பது திரித்து முடித்த பொருள். ஆங்கிலத்தில் தும்பையே கொயர் என்கிறார்கள். பொருள் ஒரு படி பின்னால் போய்விட்டது.

அந்தத் தும்பில்தான் நம் மாவட்டத்தின் பெரிய கதை ஒன்று ஒட்டிக்கொண்டு போனது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், இங்கிருந்து கப்பலேறிய கயிற்றுத் தும்பில் இருந்த மணலைச் சோதித்து மோனசைட் என்று கண்டுபிடித்தார். அடுத்த வருடமே மணவாளக்குறிச்சியில் ஆலை. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. பெட்ரோமாக்ஸில் இருப்பதுபோன்ற விளக்கு மேன்டில் செய்ய அது அப்போது ஐரோப்பாவுக்கு வேண்டியிருந்தது.

பெயர்களைப் பாருங்கள். மோனசைட் என்பதற்குக் கிரேக்க வேர் தனித்திருத்தல். படிகங்கள் கூட்டமாக இல்லாமல் தனித்தனியாகக் கிடைத்ததால் அந்தப் பெயர். அதே மணலில் இருக்கும் இன்னொரு கனிமமான இல்மனைட்டின் பெயர் ரஷ்யாவின் இல்மன் மலையால் வந்தது. தோரியம் வடக்கு ஐரோப்பியரின் இடிக்கடவுள் தோர். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் ஒரு கைப்பிடி அள்ளினால் கிரேக்கம், ரஷ்யா, இடிக்கடவுள் எல்லாம் விரலிடுக்கில். நம் ஆட்களுக்கு அது கருமணல்.

ஜூன் 9

சென்னையிலிருந்து ஒருவர்: "உங்கள் ஊரில் பலாப்பழத்தைச் சக்கை என்கிறீர்களாமே? சக்கை என்றால் சாறு பிழிந்து எறிவது அல்லவா?"

எங்களுக்குச் சக்கை என்றால் பழம்தான். கூழன், வரிக்கை என்று வகை சொல்லி, முற்றத்தில் சாக்கு விரித்து, கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வெட்டுவோம். இன்று காலைதான் ஒன்று வெட்டினோம். ஆங்கிலத்தின் ஜாக் ஃப்ரூட் இந்தச் சக்கையிலிருந்து வந்தது. போர்ச்சுகீசியர் ஜாகா என்றார்கள். 1563இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் மூலிகை நூலிலேயே ஜாகா வந்துவிட்டது.

இதேபோல வெற்றிலை பீட்டல் ஆனது. வ அவர்கள் வாயில் ப ஆகிவிட்டது. அடைக்காய், அதாவது பாக்கு, அரேகா ஆனது. நம் ட அவர்கள் காதில் ர என்று விழுந்திருக்கிறது. மாங்காய் மேங்கோ, தேக்கு டீக், கொப்பரை கோப்ரா. கடைசிச் சொல்லைப் பாம்பு என்று நினைத்துப் பயப்படாதீர்கள். பாம்பு கோப்ராவும் போர்ச்சுகீசியச் சொல்தான், ஆனால் அது வேறு வேர்.

ஜூன் 9, இரவு

எதிர்பார்த்த சண்டை வந்துவிட்டது. இவை தமிழா மலையாளமா?

போர்ச்சுகீசியர் முதலில் இறங்கியது மலபார்க் கரையில். ஆகவே அகராதிகள் பெரும்பாலும் மலையாளம் என்று போடுகின்றன. அது சரிதான் என்று நினைக்கிறேன். சக்கையும் அடைக்காயும் அந்த உருவத்தில் போனது அந்தக் கரையிலிருந்துதான். ஆனால் தமிழக-கேரள எல்லையான களியிக்காவிளையில் இந்தப் பக்கம் நின்று சக்கை என்று சொல்லிவிட்டு நாலடி நடந்து அந்தப் பக்கம் போய் சக்க என்று கேட்கிற எனக்கு, இதில் ஒருவர் கையிலிருந்து மற்றவர் பிடுங்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை. பாட்டி இரண்டு மொழியிலும் பேரம் பேசுவாள். எது எந்த மொழி என்று அவளுக்கு வரிபோட்டுச் சொல்லத் தெரியாது.

ஜூன் 10

மிளகுத்தண்ணீர் முல்லிகட்டானி ஆன கதை பலருக்குத் தெரியும், அதனால் சுருக்கமாக விடுகிறேன். ஆனால் நம் ஊர்க் காதுக்கு அந்தச் சொல்லில் ஒரு குழப்பம் உண்டு. எங்களுக்கு மிளகு என்றால் பல வீடுகளில் மிளகாய்தான். பச்சைமிளகு, வத்தல்மிளகு. கறுப்பு மிளகைச் சொல்ல வேண்டுமானால் நல்லமிளகு. வெளியூர் மருமகளிடம் நல்லமிளகு வாங்கிவரச் சொன்னால் தரமானது என்று நினைத்துக்கொள்வாள்.

இதே கதை ஆங்கிலத்திலும் நடந்திருக்கிறது. பெப்பர் என்ற சொல் சமஸ்கிருதப் பிப்பலியிலிருந்து கிரேக்கம், லத்தீன் வழியாகப் போனது. பிப்பலி என்பது திப்பிலி. ஆக, திப்பிலியின் பெயரை மிளகு எடுத்துக்கொண்டது. பிறகு அமெரிக்காவிலிருந்து மிளகாய் வந்ததும் அதுவும் பெப்பர் ஆனது. இப்போது பழைய மிளகைச் சொல்ல அவர்கள் பிளாக் பெப்பர் என்று அடைமொழி போட வேண்டியிருக்கிறது. அவர்கள் நிறத்தைப் போட்டார்கள், நம் ஆட்கள் நல்ல என்று போட்டார்கள். நம்முடையதுதான் அழகு.

ஜூன் 14

ஒரு கல்லூரி மாணவி: "கலோனல் என்று எழுதிவிட்டுக் கர்னல் என்று படிக்கச் சொல்கிறார்கள். இதில் ஏதாவது ஒழுங்கு உண்டா அக்கா?"

உண்டு. நீ பத்தாம் வகுப்பில் போலி படித்தாய் அல்லவா? பந்தல் பந்தர், சாம்பல் சாம்பர். ல் இருக்கவேண்டிய இடத்தில் ர் வரும், பொருள் மாறாது. அதுவேதான் இதுவும். இத்தாலியனில் கொலொன்னெல்லோ, படையணியின் தலைவர். ஒரே சொல்லில் பல ல் வந்ததால் பிரெஞ்சில் முதல் ல் ர் ஆகி கொரோனெல் என்றானது. ஆங்கிலத்தில் இரண்டு வடிவமும் கொஞ்சகாலம் ஓடின. கடைசியில் எழுத்துக்கு இத்தாலியன் ல் நின்றது, வாய்க்குப் பிரெஞ்சு ர் நின்றது. தமிழில் கர்னல் என்று எழுதுகிறோமே, அதில் குழப்பமே இல்லை.

எழுத்து இடம் மாறுவதும் அங்கே உண்டு. தசை சதை ஆனதுபோல, பழைய ஆங்கில பிரிட் இன்றைய பேர்ட், பறவை. பழைய ஜெர்மனில் ஹ்ராஸ், ஆங்கிலத்தில் ஹார்ஸ். குதிரையைக் குருதை என்று சொல்லும் பெரியவர்களைத் திருத்தாதே. இரண்டு மொழியிலும் அந்த விலங்கின் பெயரில்தான் ர் இடம் மாறி ஓடியிருக்கிறது.

ஜூன் 15

நாரங்காய் ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்தபோது தோன்றியது. எலுமிச்சையை எங்கள் பக்கம் பலர் நாரங்காய் என்பார்கள். ஆரஞ்சு என்ற சொல்லும் அதன் உறவுதான். சமஸ்கிருதத்தில் நாரங்கம், அது திராவிடச் சொல்லிலிருந்து போனது என்பதே பெரும்பாலான அறிஞர் கருத்து. பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச், ஸ்பானியத்தில் இன்றும் ந இருக்கிறது. இத்தாலியனிலும் பிரெஞ்சிலும் முன்னால் வரும் 'ஒரு' என்ற சொல்லின் கடைசி ன் இதன் ந்-ஐ விழுங்கிவிட்டது. ஆங்கிலத்தின் ஏப்ரனும் ஒருகாலத்தில் நேப்ரன். யாறு ஆறானது, யானை ஆனையானது. சொல்லின் தலை இப்படித்தான் தேய்கிறது.

ஜூன் 19

இதை எழுத நான்கு நாள் யோசித்தேன்.

ஏழாம் வகுப்பில் என் குடும்பம் என்று ஆங்கிலக் கட்டுரை. என் அம்மா ஓர் ஆபீசில் வேலை பார்க்கிறார் என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையில் வட்டம் போட்டு, வகுப்பு முன்னால் நிறுத்தி, பொய் எழுதாதே என்றார். அம்மா போனது அண்டி ஆபீசுக்கு. முந்திரி ஆலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். காலையில் தூக்குப்பாத்திரத்தோடு போகும் பெண்கள் எல்லாரும் ஆபீசுக்குத்தான் போவார்கள். ஆபீஸ் சங்கு ஊதும், ஆபீஸ் லீவு, ஆபீஸ் போனஸ். எனக்கு வேறு சொல் தெரியாது. ஃபேக்டரி என்று திருத்தி எழுதிக்கொண்டு வந்தேன். வீட்டில் அம்மாவின் விரல்களைப் பார்த்தேன். அண்டித்தோட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்து, தோல் உரிந்திருந்தது. சாம்பல் தொட்டுத் தொட்டுத்தான் தல்லுவார்கள், அப்படியும் பொத்துப்போகும். ஆபீஸ் என்று சொல்லக்கூடாத கைகள் என்று அன்று எனக்குள் விழுந்துவிட்டது. ரொம்ப நாள் அது போகவில்லை.

பிறகு நான் டியூஷன் எடுத்தபோது, அதே வாக்கியத்தை எழுதிய பிள்ளைகளுக்கு நானும் ஃபேக்டரி என்றுதான் திருத்தினேன்.

ஆபீஸின் லத்தீன் வேர் ஒஃபிகியும். ஓபுஸ் என்றால் வேலை, ஃபாகெரே என்றால் செய்தல். வேலை செய்தல், அவ்வளவுதான். மேசை நாற்காலி எல்லாம் பின்னால் வந்து உட்கார்ந்தவை. இங்கிலாந்தின் பெரிய வீடுகளில் சமையலறை, துணி வெளுக்கும் அறை இவற்றையும் ஆபீஸ் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஃபேக்டரி இன்னும் விசேஷம். ஃபேக்டர் என்றால் வணிக முகவர். அந்த முகவர்கள் இருந்த இடம் ஃபேக்டரி. கிழக்கிந்தியக் கம்பெனி 1690களில், திருவனந்தபுரத்துக்கு வடக்கே அஞ்சுதெங்கில் வைத்த ஃபேக்டரியில் யாரும் எதையும் தயாரிக்கவில்லை. மிளகு மூட்டையை அடுக்கிவைத்து, எழுத்தர்கள் உட்கார்ந்து கணக்கு எழுதினார்கள். அதாவது அந்த ஃபேக்டரி ஓர் ஆபீஸ். நம் ஆபீஸ் ஒரு ஃபேக்டரி. ஒரே கரையில், நூறு கிலோமீட்டருக்குள், இரண்டு சொல்லும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன.

ஜூன் 20

ஒருவர் மறுக்கிறார்: "வேரை வைத்து இன்றைய பொருளைத் தீர்மானிக்கக் கூடாது. அப்படியானால் காண்டிடேட் என்றால் வெள்ளை உடுத்தியவர் என்றுதான் பொருள் சொல்ல வேண்டும்."

ஒத்துக்கொள்கிறேன். லத்தீன் என் பக்கம் இருப்பது சந்தோஷம்தான், ஆனால் அது காரணம் ஆகாது. காரணம் வேறு. கருங்கலிலிருந்து மார்த்தாண்டம் வரை ஆயிரக்கணக்கான பெண்கள் அதை ஆபீஸ் என்று சொல்லி, கேட்டவர்களுக்கும் அது புரிந்தது. சொல்லுக்குப் பொருள் வருவது அப்படித்தான். தேர்வுத்தாளில் ஃபேக்டரி என்று எழுதட்டும், லண்டன்காரனுக்குப் புரியவேண்டும். ஆனால் பிள்ளை எழுதியது பொய் இல்லை. அந்த ஒரு சொல்லைத்தான் நான் திரும்பக் கேட்கிறேன்.

ஜூன் 20, இரவு

அண்டி வாங்குகிறவர்களுக்கு: பெட்டியில் 320 என்று போட்டிருந்தால், ஒரு ராத்தலுக்கு (பவுண்டுக்கு) அதிகபட்சம் 320 முழுப்பருப்பு என்று அர்த்தம். 240 என்றால் பருப்பு பெரிது. எண் குறைந்தால் விலை கூடும். மூன்று பேர் கேட்டிருந்தார்கள்.

ஜூன் 22

கேப் ரோட்டில் பேருந்துக்கு நிற்கும்போது யோசித்தது. நாகர்கோவிலில் வயதானவர்கள் இன்னும் கன்னியாகுமரியைக் கேப் என்பார்கள். கேப் காமரின். காமரின் நம் குமரிதான், போர்ச்சுகீசிய மூக்கொலி ஒட்டியதால் வால் நீண்டது. கேப் என்பதற்கு லத்தீன் வேர் காபுட், தலை. கடலுக்குள் நீட்டிய தலை.

இதே தலைதான் கேப்டனிலும். 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற டச்சுப் படையின் டிலனாய், பிறகு மன்னரின் படைக்கே பயிற்சி கொடுத்து வலிய கப்பித்தான் ஆனார். உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறையில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறது. தலையிலிருந்து தலைவன் வந்ததுபோலக் காபுட்டிலிருந்து கேப்டன்.

கேபிடலும் அதே வேர், முதல். அதிலிருந்து கேட்டில், ஆடுமாடு. முதலில் அது உடைமை முழுவதையும் குறித்தது, பிறகு மாட்டோடு நின்றது. 400ஆவது குறளில் மாடு என்றால் செல்வம் என்று படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஜூன் 28

மழை விட்ட நேரத்தில் அம்மாவுக்கு இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். ஃபேக்டரி கதையில் அவளுக்கு அக்கறை இல்லை. "ஆபீசுக்குப் போனா ஆபீசுன்னு தான மக்களே சொல்லணும்" என்றாள். கேஷ் என்றால் முதலில் பெட்டி என்று நான் வாசித்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"அதுக்கு எதுக்கு லத்தீனு? சனிக்கிழமை சாயங்காலம் கணக்கப்பிள்ளை தகரப்பெட்டிய மேசையில கொண்டு வைப்பாரு. நாங்க அத கேஷுன்னுதான் சொல்லுவோம். கேஷ் வந்தாச்சு, வரிசையா நில்லுங்கன்னு."

பெட்டிக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்ததாம். பூட்டு பித்தளை.